அத்தியாயம் 6: முதலில் எண்ணெய்க் கப்பல், அடுத்து எஞ்சின், கடைசியில்தான் விமானந்தாங்கி

பசிபிக் போர் விளையாட்டில் ஜப்பான் பக்கத்தை எடுத்து ஆடுபவர், பெரும்பாலும் முதல் நாளே உற்பத்தித் திரையைத் திறந்து விமான ஆலைகளைப் பெருப்பிக்கத் தொடங்கிவிடுகிறார். எதிரிக்கு அமெரிக்காவின் ஆலைகள் இருக்கின்றன, நம் கையில் இன்றைக்குச் சரக்கு இருக்கிறது, இருக்கும்போதே கட்டிவிடுவோம் என்பது அவருடைய கணக்கு. 2009-இல் வெளிவந்த ‘வார் இன் த பசிபிக்: அட்மிரல்ஸ் எடிஷன்’ போன்ற பெரிய விளையாட்டில் இந்த ஆசை இன்னும் கூடும். அங்கே நேச நாடுகளின் ஆட்டக்காரருக்குக் கப்பலும் விமானமும் பெரும்பாலும் நாட்காட்டிப்படி வந்து சேரும். எந்த ஆலையில் எதைச் செய்வது, எந்தக் கப்பலை நிறுத்திவைப்பது, எதை அவசரப்படுத்துவது என்று ஒவ்வொன்றாகத் தீர்மானிக்கும் உரிமை ஜப்பான் பக்கத்துக்குத்தான் உண்டு. அந்த உரிமையைப் பெருப்பிப்பதற்கு அல்ல, வரிசைப்படுத்துவதற்குப் பயன்படுத்த வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். ஜப்பான் தோற்றதில் உற்பத்தியின் பங்கு என்ன என்று கேட்டால், குறைவாக உற்பத்தி செய்தது என்பது பாதி விடைதான். செய்ய வேண்டியவற்றைப் பிழையான வரிசையில் செய்தது என்பதே மீதிப் பாதி. ஆட்டக்காரரால் மாற்றக்கூடியதும் அந்த இரண்டாம் பாதியைத்தான்.

வரலாற்று எண்களைப் பார்த்தால் இது தெளிவாகும். 1941-இல் ஜப்பான் செய்த விமானங்கள் 5,088. 1942-இல் 8,861. 1943-இல் 16,693. 1944-இல் 28,180. மூன்றே ஆண்டுகளில் ஐந்து மடங்குக்கு மேல். ஆலைகளின் எண்ணிக்கைதான் போரைத் தீர்மானிக்கும் என்றால் 1944 ஜப்பானுக்கு மிகச் சிறந்த ஆண்டாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஆண்டில்தான் ஜூன் மாதம் பிலிப்பைன் கடலிலும் அக்டோபரில் லேய்த்தேயிலும் அதன் கடற்படை உடைந்தது. விமானங்கள் உச்சத்துக்கு வந்தபோது அவற்றை ஓட்டத் தேர்ந்த விமானிகளும் இல்லை, அவர்களைப் பயிற்றுவிக்க எரிபொருளும் இல்லை, எரிபொருளைக் கொண்டுவரக் கப்பலும் இல்லை. அதே 1944-இல் அமெரிக்கா 96,000-க்கு மேற்பட்ட விமானங்களைச் செய்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கைப் பந்தயத்தில் ஜப்பான் வெல்ல வழியே இல்லை. ஆகவே உங்கள் திட்டத்தின் கேள்வி ‘எத்தனை?’ என்பதல்ல. எந்த மாதத்தில் எது கையில் இருக்க வேண்டும், அது இருப்பதற்கு அதற்கு முன்னால் எது வந்திருக்க வேண்டும் என்பதுதான்.

லுணுகலை, மடூல்சீமை, பசறைப் பக்கத்து வாசகருக்கு இதை விளக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை. தோட்டத்து ஸ்டோரில் எத்தனை ரோலர் நிற்கிறது என்பதை வைத்து அன்றைய தேயிலையைக் கணக்கிட முடியாது. மலையிலிருந்து இறங்கும் கொழுந்தின் நிறுவையும், அடுப்புக்கு வந்து சேர்ந்த விறகும்தான் அதைத் தீர்மானிக்கும். கொழுந்து வராத நாளில் புதிதாக வாங்கிய ரோலர் சும்மா நிற்கும். அதற்குக் கொடுத்த பணமும் போய்விட்டிருக்கும். ஜப்பானின் பொருளாதாரமும் விளையாட்டில் இப்படியே ஓடுகிறது. கனரகத் தொழில் மூலப்பொருளையும் எரிபொருளையும் தின்று புள்ளிகளைத் தரும். அந்தப் புள்ளிகளை விமான ஆலை, எஞ்சின் ஆலை, போர்க்கப்பல் தளம், வணிகக் கப்பல் தளம், ஆயுத ஆலை எல்லாம் பங்குபோடும். ஓர் ஆலையை ஒரு புள்ளி பெருப்பிக்கவோ செப்பனிடவோ 1,000 சப்ளை வேண்டும். நூறு புள்ளி பெருப்பித்தால் ஓர் இலட்சம் சப்ளை. முதல் ஆறு மாதத்தில் மலாயா, ஜாவா, பர்மா என்று ஓடும் படைகளுக்குத் தேவைப்படுவதும் அதே சப்ளைதான். போரின் முதல் வாரத்திலேயே பெரும் விரிவாக்கத்துக்குக் கட்டளை கொடுத்துவிட்டு, பெப்ரவரியில் பலெம்பாங் எண்ணெய் வயலைச் செப்பனிடச் சப்ளை இல்லாமல் நிற்கும் ஆட்டங்கள் பெரும்பாலும் அங்கேயே சாய்ந்துவிடுகின்றன.

வரத்து என்று சொல்லும்போது முதலில் வருவது வணிகக் கப்பல். போர் தொடங்கியபோது ஜப்பானிடம் ஏறக்குறைய 60 இலட்சம் தொன் வணிகக் கப்பல்கள் இருந்தன. நாட்டின் அன்றாட வாழ்வுக்கும் ஆலைகளுக்கும் குறைந்தது 30 இலட்சம் தொன் ஒதுக்கப்பட வேண்டும் என்று ஜப்பானியத் திட்டமிடல் அதிகாரிகளே கணித்திருந்தார்கள். தரைப்படையும் கடற்படையும் தத்தமக்குப் பிடித்துவைத்த கப்பல்கள் போக அந்த அளவு மிஞ்சவே இல்லை. தெற்கே வெற்றி பெற்றதும் கப்பல்களைத் திருப்பிக் கொடுப்பதாக இருந்த ஏற்பாட்டைக் குவாடல்கனால் குலைத்தது. 1942 டிசம்பரில், குவாடல்கனாலுக்கு இன்னும் கப்பல் கேட்ட தரைப்படைத் தலைமையகத்துக்கும், கொடுத்தால் எஃகு உற்பத்தி விழும் என்று மறுத்த பிரதமர் தோஜோவுக்கும் பெரும் சண்டை மூண்டது. கத்திப் பேசிய தளபதி தனாகா ஷினிச்சி பதவியிழந்தார். அந்தச் சண்டையில் தோஜோவின் கணக்கே சரி. உங்கள் ஆட்டத்திலும் இதே சண்டை வரும். ஒரு தீவைக் காக்க இன்னும் இருபது கப்பலை அனுப்பலாமா என்று யோசிக்கும்போது, அந்த இருபதும் ஒரு மாதத்தில் எவ்வளவு மூலப்பொருளை ஒசாகாவுக்கோ தோக்கியோவுக்கோ இறக்கியிருக்கும் என்பதையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் செய்ய வேண்டியது, கப்பல்களை முதல் வாரத்திலேயே மூன்றாகப் பிரித்துவிடுவது. பெரிய, தூரம் ஓடக்கூடிய சரக்குக் கப்பல்கள் தென்கடலுக்கு. சிறியவை பக்கத்து வழிகளுக்கு: கொரியாவின் பூசானிலிருந்து, மஞ்சூரியாவின் டைரனிலிருந்து, ஹொக்கைடோ, கராபுத்தோவிலிருந்து. பக்கத்து வழிகள் பார்க்கக் கவர்ச்சியற்றவை. ஆனால் எரிபொருள் மிகக் குறைவாகக் குடித்து மூலப்பொருளை மிக விரைவாகக் கொண்டுவருபவை அவைதான். 1945-இல் தென்வழிகள் அறுந்தபின் ஜப்பான் மூச்சுவிட்டதும் அவற்றால்தான். மூன்றாவது எண்ணெய்க் கப்பல்கள். அவற்றை வேறு எந்த வேலைக்கும் தொடாதீர்கள். சிங்கப்பூரிலிருந்து யோக்கோஹாமா ஏறக்குறைய 2,900 கடல் மைல். ஒரு கப்பல் போய் ஏற்றித் திரும்புவதற்குள் விளையாட்டு நாட்காட்டியில் ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிடும். ஜனவரியில் தவறிய ஒரு நடை, மார்ச்சில் எஞ்சின் ஆலையில் பசியாகத் தெரியும்.

எண்ணெயின் கதை இன்னும் கூர்மையானது. போர் தொடங்கும்போது ஜப்பானின் கையிருப்பு ஏறக்குறைய 4 கோடியே 30 இலட்சம் பீப்பாய். 1942 பெப்ரவரி நடுவில் பரசூட் படையை இறக்கிப் பலெம்பாங்கைப் பிடித்தார்கள். சுத்திகரிப்பு ஆலைகளை எதிர்பார்த்ததைவிட விரைவாக ஓட்டவும் செய்தார்கள். ஆயினும் 1942-இல் தாய்நாட்டுக்கு வந்து சேர்ந்தது ஏறக்குறைய 105 இலட்சம் பீப்பாய், 1943-இல் 145 இலட்சம், 1944-இல் 50 இலட்சம். எண்ணெய் வயல் கையில் இருந்தது; எண்ணெய் வீட்டுக்கு வரவில்லை. 1942 மே 8-ஆம் திகதி ‘தாயியோ மாரு’ என்ற கப்பலை ஓர் அமெரிக்க நீர்மூழ்கி மூழ்கடித்தது. அதில் போனவர்களில் பெரும்பாலோர் தென்கிழக்காசியத் தீவுகளின் எண்ணெய் வயல்களை இயக்கப் புறப்பட்ட தொழில்நுட்பவியலாளர்கள். பல நூறு பேர் ஒரே இரவில் மாண்டார்கள். அந்தக் காலத்தில் நீர்மூழ்கித் தொல்லை இன்னும் சிறியது என்று எண்ணி, அவ்வளவு அரிய மனிதர்களை அவ்வளவு குறைந்த காவலில் அனுப்பியிருந்தார்கள்.

காவல் கப்பல் விடயத்தில் ஜப்பானின் பிந்துகை மன்னிக்க முடியாதது. கடலோரக் காவலுக்கென்றே கட்டப்பட்ட ‘கைபோக்கான்’ வகைக் கப்பல்கள் போர் தொடங்கும்போது நான்கே நான்கு. வணிகக் கப்பல் காவலுக்கென்று ஒரு பெரிய தலைமையகம் அமைந்தது 1943 நவம்பரில்தான். அதன்பிறகு 1944-இல் இலகுவான வடிவமைப்பில் காவல் கப்பல்களை மளமளவென்று கட்டித் தள்ளினார்கள். வணிகக் கப்பலும் அப்படியே: 1942-இல் ஏறக்குறைய 2.6 இலட்சம் தொன், 1943-இல் 7.7 இலட்சம், 1944-இல் 17 இலட்சம் தொன் கட்டினார்கள். இந்த எண்களை நான் திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்வேன். 1944-இல் மூலப்பொருள் அருகிக்கொண்டிருந்தபோது 17 இலட்சம் தொன் கட்ட முடிந்த நாடு, 1942-இல் எல்லாம் இருந்தபோது அதில் ஆறில் ஒரு பங்கைக்கூடக் கட்டவில்லை. ஆற்றல் இருந்தது, அவசரம் தெரியவில்லை. போர் முழுவதிலும் 89 இலட்சம் தொன் மூழ்கியோ பெரும் சேதமடைந்தோ போனது. அதில் பாதிக்கு மேல் நீர்மூழ்கிகளின் கணக்கு. உங்கள் ஆட்டத்தில் 1944-இன் அவசரத்தை 1942 ஏப்ரலுக்குக் கொண்டுவர முடியும். காவல் கப்பல்களை முன்னுரிமைக்கு ஏற்றுங்கள். எண்ணெய்க் கப்பல் அணி எதையும் குறைந்தது இரண்டு காவல் கப்பலின்றி அனுப்பாதீர்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். விளையாட்டில் போர்க்கப்பல் தளமும் வணிகக் கப்பல் தளமும் வேறு வேறு. ஒன்றின் புள்ளியை மற்றதில் செலவிட முடியாது. பிறகு பெரிய போர்க்கப்பலை நிறுத்தி என்ன பயன் என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் இரண்டு தளங்களும் ஒரே கனரகத் தொழில் புள்ளிக் குவியலிலிருந்துதான் உண்கின்றன. ‘ஷினானோ’வை நிறுத்திவைத்தால் வணிகத் தளத்தின் அளவு கூடாது என்பது உண்மை, ஆனால் அந்தப் புள்ளிகள் குவியலில் தங்கி, எஞ்சினுக்கோ காவல் கப்பலுக்கோ போகும். காவல் கப்பல்கள் கட்டப்படுவதும் அதே போர்க்கப்பல் தளத்தில்தான், ஆகவே அங்கேயும் இடம் விடுபடுகிறது. ஷினானோவின் உண்மைக் கதையையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ‘யமாட்டோ’ போர்க்கப்பலின் தங்கையாகத் தொடங்கி, மிட்வேக்குப் பின் விமானந்தாங்கியாக மாற்றப்பட்டு, 1944 நவம்பர் 19-இல் கடற்படையில் சேர்ந்த அந்த மாபெரும் கப்பல், நவம்பர் 29-இல் ‘ஆர்ச்சர்ஃபிஷ்’ என்ற ஒரு நீர்மூழ்கியின் டோர்பிடோக்களுக்கு இரையானது. பத்து நாள் சேவை. அதில் போன எஃகும் ஆள்நாளும் எத்தனை காவல் கப்பலாக நின்றிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி விமானங்கள். இதற்கான மிகச் சிறந்த பாடம் நம் தீவுக் கரையிலேயே கிடக்கிறது. லுணுகலையிலிருந்து பிபிலைக்கு இறங்கி, மகாஓயா தாண்டிச் செங்கலடிக்குப் போகும் அதே நெடுஞ்சாலை முடியும் மட்டக்களப்புக் கரைக்கு வெளியே, பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ‘ஹெர்மிஸ்’ கடலடியில் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிகள் கொழும்பைத் தாக்கின: அகாகி, சோரியூ, ஹிரியூ, ஷோகாகு, சுயிகாகு. அன்று பிற்பகலே கோர்ன்வால், டோர்செட்ஷயர் என்ற இரு பெரும் போர்க்கப்பல்களைக் குத்துக்குண்டு விமானங்கள் மட்டுமே மூழ்கடித்தன. ஏப்ரல் 9-இல் திருகோணமலை அடிபட்டது. அன்றே ஹெர்மிஸும் அதற்குத் துணை போன ‘வாம்பயர்’ நாசகாரிக் கப்பலும் மூழ்கின. இந்த வெற்றியில் ஜப்பானியர் இழந்த விமானங்கள் இருபதைச் சுற்றித்தான். படித்தவர் யாரும் இதை மலிவான வெற்றி என்றே சொல்வார்.

மலிவு என்று தோன்றியதற்குக் காரணம், இழந்ததை நிரப்ப ஆலையில் என்ன இருந்தது என்று யாரும் கேட்காததுதான். ஹெர்மிஸை மூழ்கடித்த ஐச்சி குத்துக்குண்டு விமானத்தின் உற்பத்தி அப்போது குறைக்கப்பட்டிருந்தது. நகாஜிமாவின் பீ-5-என் டோர்பிடோ விமானத்தின் உற்பத்தியோ ஏறத்தாழ நின்றே போயிருந்தது. அதற்குப் பதிலாக ‘தென்சான்’ என்ற புதிய விமானம் வரப்போகிறது என்பது நம்பிக்கை. தென்சானுக்கு வைத்த ‘மமோரு’ எஞ்சின் தொல்லை கொடுத்தது. பிறகு அதை விட்டு மிட்சுபிஷியின் ‘கசெய்’ எஞ்சினுக்கு மாறினார்கள். தென்சான் பெருமளவில் வந்தது 1943-இல்தான். பழைய வரிசையை மூடியதற்கும் புதிய வரிசை திறந்ததற்கும் இடையில் ஓர் ஆண்டு ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டைக்குள்தான் இலங்கைத் தாக்குதலும், பவளக் கடல் சமரும், மிட்வேயும் நடந்தன. பேர்ள் துறைமுகத்துக்குப் போனபோது அகாகியில் 27 டோர்பிடோ விமானங்கள். மிட்வேக்குப் போனபோது 18. பவளக் கடலில் காயமின்றித் தப்பிய சுயிகாகு, விமானங்களும் விமானிகளும் போதாமல் மிட்வேக்குப் போகவே இல்லை. முழுதாக ஒரு கப்பல் துறையில் நின்றது, அதன் மேல் வைக்க விமானம் இல்லாததால்.

இதிலிருந்து கிடைக்கும் விதி கண்டிப்பானது. புதிய வகை ஆலையிலிருந்து வெளியே வந்து, குறைந்தது மூன்று மாதம் தொடர்ச்சியாக வந்த பின்னரே பழைய வகையின் வரிசையை மாற்றுங்கள். விளையாட்டில் பீ-5-என் ஆலையைப் பார்த்தவுடன் அதைத் தென்சான் ஆராய்ச்சிக்குத் திருப்பிவிடும் ஆசை வரும். 1942 முழுவதும் அந்த ஆசைக்கு இடம் கொடாதீர்கள். மாதத்துக்குச் சிறிய எண்ணிக்கையே போதும். ஆனால் அது நிற்கக் கூடாது. விமானந்தாங்கிக் கப்பல்களுக்கான மூன்று வகைகளுக்கும், அதாவது சண்டை விமானம், குத்துக்குண்டு விமானம், டோர்பிடோ விமானம் ஆகியவற்றுக்கு, எப்போதும் இரண்டு பெரும் சமர்களின் இழப்பை ஈடுசெய்யும் அளவு கையிருப்பில் இருக்க வேண்டும். இந்தக் கையிருப்புக்கு மேல் உள்ளதைத்தான் புதியவற்றுக்குச் செலவிடலாம்.

எஞ்சின் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை, விமான உடல்தான் கண்ணுக்குத் தெரிகிறது என்பதால். ஜெர்மன் டெய்ம்லர்-பென்ஸ் எஞ்சினுக்கான உரிமத்தை ஜப்பானியத் தரைப்படையும் கடற்படையும் தனித்தனியே வாங்கின. இரு வேறு நிறுவனங்கள் இரு வேறு வடிவில் செய்தன. தரைப்படையின் ‘ஹியென்’ சண்டை விமானத்துக்குக் கவாசாகி செய்த எஞ்சின் நுட்பமானது, கிராங்க்‌ஷாப்ட் செய்வதே பெரும்பாடு. 1944 இறுதியில் ககாமிகஹாரா வெளியில் இருநூறுக்கு மேற்பட்ட ஹியென் உடல்கள் மூக்கில் எஞ்சின் இல்லாமல், முன்பக்கம் வெற்றிடமாக நின்றன. இறக்கை உண்டு, துப்பாக்கி உண்டு, விமானி அறை உண்டு. பறக்க ஒன்று இல்லை. கடைசியில் மிட்சுபிஷியின் பழைய, நம்பகமான ‘கின்செய்’ எஞ்சினை அந்த உடல்களில் பொருத்தினார்கள். 1945 பெப்ரவரி முதல் நாள் பறந்த அந்தக் கலப்பு விமானம், கி-100, அந்தப் போரில் தரைப்படை கண்ட மிகச் சிறந்த சண்டை விமானங்களுள் ஒன்றாக அமைந்தது. வேண்டிய உடலும் எஞ்சினும் நாட்டுக்குள் முன்பே இருந்தன. சேர்த்துவைக்கும் யோசனைதான் காலம் கடந்து வந்தது.

ஆகவே திட்டத்தை எஞ்சினிலிருந்து தொடங்குங்கள். நகாஜிமாவின் ‘சகாயெ’ எஞ்சின் ஸீரோவுக்கும், தரைப்படையின் கி-43-க்கும், கி-48 குண்டுவீச்சு விமானத்துக்கும் பொது. கின்செய் குத்துக்குண்டு விமானத்துக்கும், நெடுந்தூரப் பறக்கும் படகுகளுக்கும், பின்னாளில் கி-100-க்கும் பொது. கசெய் மிட்சுபிஷியின் ஜி-4-எம் குண்டுவீச்சுக்கும் தென்சானுக்கும் பொது. இந்த மூன்றையும் 1942-இல் தேவைக்கு மேல் கொஞ்சம் பெருப்பித்து வைத்தால், எந்த விமான ஆலை எந்த வகைக்கு மாறினாலும் எஞ்சின் காத்திருக்கும். உடல் காத்திருக்கும் நிலை வரவிடாதீர்கள். இரட்டை எஞ்சின் விமானம் ஒன்று ஒற்றை எஞ்சின் விமானம் இரண்டின் தொழில் புள்ளிகளைத் தின்னும் என்பதையும் இங்கே கணக்கில் எடுங்கள். கரையோரக் குண்டுவீச்சுப் படையை ஓரளவுக்கு மேல் வளர்ப்பது, அந்த அளவுக்குச் சண்டை விமானத்தைக் கைவிடுவது. உடல் ஆலைகளின் கூட்டுத் தொகையையும் எஞ்சின் ஆலைகளின் கூட்டுத் தொகையையும் மாதம் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிட்டாலே இதில் பாதிப் பிழை போய்விடும்.

விளையாட்டு கணக்கில் எடுக்காத ஒரு தடையும் உண்மை ஜப்பானில் இருந்தது. நாகோயாவில் மிட்சுபிஷியின் ஸீரோ ஆலைக்குப் பக்கத்தில் தகுந்த விமான ஓடுதளம் இல்லை. செய்து முடித்த சண்டை விமானத்தைப் பிரித்து, மாட்டு வண்டியில் ஏற்றி, மோசமான சாலையில் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, ககாமிகஹாராவில் மறுபடி பூட்டினார்கள். உலகின் மிக வேகமான கடற்படைச் சண்டை விமானங்களுள் ஒன்று, மாட்டின் நடையில் போனது. ஆட்டக்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஆலைகளை ஒரே நகரத்தில் குவித்தால் வரும் வேறு தொல்லை உண்டு. 1944 நவம்பர் 24-இல் தோக்கியோவுக்கு மேற்கேயுள்ள முசாஷினோ எஞ்சின் ஆலையைத்தான் மரியானாத் தீவுகளிலிருந்து வந்த பீ-29-கள் முதலில் குறிவைத்தன. டிசம்பர் 13-இல் நாகோயாவின் மிட்சுபிஷி எஞ்சின் ஆலை, 1945 ஜனவரி 19-இல் அகாஷியின் கவாசாகி ஆலை. எதிரியும் எஞ்சினிலிருந்தே தொடங்கினான். விரிவாக்கம் செய்யும்போது ஹொன்ஷூவின் தென்கரையிலேயே எல்லாவற்றையும் வைக்காமல், சிறிதளவாவது வேறு நகரங்களுக்குப் பிரியுங்கள்.

இரண்டாவது மறுப்பு ஆராய்ச்சியைப் பற்றியது. விளையாட்டு, ஆராய்ச்சி ஆலைகளைப் பெருக்கிப் பிற்கால விமானங்களை முன்கூட்டியே வரவழைக்க அனுமதிக்கிறது. ‘ஷிடென்-காய்’, ‘ஹயாட்டே’ போன்ற நல்ல விமானங்களை ஆறு மாதம் முன்னரே பெற்றால் வரலாறு மாறாதா என்று கேட்பார்கள். ஓரளவு மாறும், இதை மறுப்பதற்கில்லை. ஆனால் இந்த இரண்டும், ‘கிங்கா’, ‘சாயுன்’, ‘ரியூசெய்’ ஆகியவையும் எல்லாம் ஒரே ‘ஹொமாரே’ எஞ்சினை நம்பியவை. உண்மையில் ஹொமாரே போர்க்கால எரிபொருளிலும் போர்க்கால உலோகத்திலும் பெரும் தொல்லை கொடுத்தது. விளையாட்டில் அந்தத் தொல்லை குறைவாகத் தெரிந்தாலும், ஐந்து விமானங்களை முன்னே இழுத்துவிட்டு ஒரே எஞ்சின் ஆலையை அவற்றின் வாசலில் நிறுத்தினால், ககாமிகஹாராவின் தலையில்லா உடல்கள் உங்கள் திரையிலும் வரிசையாக நிற்கும். ஒரு தரைப்படைச் சண்டை விமானம், ஒரு கடற்படைச் சண்டை விமானம் என்று இரண்டை மட்டும் முன்னே இழுங்கள். அவற்றின் எஞ்சின் ஆலையை அவற்றுக்கு ஆறு மாதம் முன்னால் தொடங்குங்கள். மற்றவை தம் காலத்தில் வரட்டும்.

விமானந்தாங்கிக் கப்பல்களைக் கடைசியில் வைத்ததற்கும் இதே காரணம். 1944-இல் உன்ரியூ, அமாகி, கத்சுராகி என்று மூன்று புதிய விமானந்தாங்கிகள் சேவைக்கு வந்தன. அமாகியும் கத்சுராகியும் ஒரு விமானப் படையையும் ஏற்றிச் சமருக்குப் போனதில்லை. உன்ரியூ டிசம்பரில் சரக்குக் கப்பல் வேலை பார்க்கும்போது மூழ்கியது; அமாகி 1945 ஜூலையில் குரே துறைமுகத்தில் குண்டுபட்டுக் கவிழ்ந்தது. இவற்றை 1942-இல் தொடங்கியதே பிழை என்று நான் சொல்லவில்லை. இவை வரும் மாதத்தில் பறக்கத் தேர்ந்த விமானிகள் இருக்கிறார்களா என்று கேட்காமல் தொடங்கியதே பிழை. ஓர் உன்ரியூவுக்கு வேண்டிய விமானிகளை, அது கடலில் இறங்குவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே பயிற்சிப் படைகளில் வளர்க்க வேண்டும். அதற்குப் பழைய விமானங்கள் போதும். எரிபொருளும் நாட்களும்தான் போதாது. பயிற்சிப் படைகளுக்கென்று பழைய வகை விமானங்களில் ஒரு பகுதியை முதல் மாதத்திலேயே ஒதுக்கி, போர் முனையில் எவ்வளவு நெருக்கடி வந்தாலும் அதைத் தொடாதவர்தான் 1944-இல் கப்பலும் விமானியும் ஒன்றாகக் காண்பார்.

மூன்றாவது மறுப்பு மிகவும் வலுவானது. நீண்ட போரில் ஜப்பான் எப்படியும் தோற்கும். ஆகவே எல்லாவற்றையும் முதல் ஆண்டில் கொட்டி, வெற்றிப் புள்ளிகளில் எட்டாத இடத்துக்குப் போய்விட வேண்டும். அதற்கு இலங்கையைப் பிடிப்பதே சிறந்த அடி என்பார்கள். இது ஆட்டக்காரரின் கற்பனை மட்டுமல்ல. 1942 தொடக்கத்தில் ஜப்பானியக் கடற்படைத் திட்டக்காரர்கள் சிலர் இதையே முன்வைத்தார்கள். படை தர முடியாது என்று தரைப்படை மறுத்ததால் அது கைவிடப்பட்டது. விளையாட்டில் தரைப்படையும் நீங்களே என்பதால் மறுப்பவர் யாரும் இல்லை. திருகோணமலையின் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளும் கொழும்புத் துறைமுகமும் கண்ணைக் கவரும்.

உற்பத்திக் கண்ணால் பார்த்தால் அந்தக் கவர்ச்சி குறையும். இலங்கையின் தேயிலை ஜப்பானிய ஆலைக்கு எதுவும் தராது. ரப்பரோ, மலாயாவும் டச்சு இந்தியத் தீவுகளும் இந்தோசீனாவும் கைக்கு வந்தபின், ஜப்பானிடம் பயன்படுத்தக்கூடியதைவிட அதிகமாகவே குவிந்துவிட்டது. மலாயா விழுந்தபின் நேச நாடுகளுக்குத்தான் இலங்கை ரப்பர் உயிராக இருந்தது. ஊவாவின் தாழ்ந்த சரிவுகளிலிருந்து களுத்துறை வரை மரங்களை அளவுக்கு மீறிச் சீவிப் பால் எடுத்தார்கள். அதை எதிரியிடமிருந்து பறிப்பது ஒரு பயன்தான். ஆனால் அமெரிக்கா இரண்டே ஆண்டில் செயற்கை ரப்பர் ஆலைகளை எழுப்பிவிட்டது. நீங்கள் வாங்குவது அதிகபட்சம் அந்த இரண்டு ஆண்டு. மறுபக்கத்தில், போருக்கு முன் இலங்கை உண்ட அரிசியின் பெரும்பகுதி பர்மா போன்ற வெளிநாடுகளிலிருந்து வந்தது. 1942-இல் பர்மா விழுந்ததும் இங்கே அரிசி பங்கீட்டுக்கு வந்தது. லயங்களில் கோதுமை மாவு அரிசியின் இடத்தைப் பிடித்தது. இந்தத் தீவைப் பிடிப்பவர், அதை ஊட்டும் பாரத்தையும் சேர்த்தே பிடிக்கிறார். விளையாட்டு அரிசியை எண்ணாது. காவற்படைக்கு வேண்டிய சப்ளையாக எண்ணும். சிங்கப்பூரிலிருந்து கொழும்புக்கு 1,500 கடல் மைலுக்கு மேல், எதிரி விமானங்கள் இந்தியக் கரையிலிருந்து எட்டும் கடலில், உங்கள் சரக்குக் கப்பல்கள் ஓட வேண்டும். அவை பலெம்பாங் வழியிலிருந்து எடுத்த கப்பல்கள்.

அதற்கு மாறாக, இலங்கைக் கடலில் உண்மையில் பயன் தந்தது என்ன என்று பாருங்கள். நகுமோ கொழும்பைத் தாக்கிய அதே வாரத்தில், அட்மிரல் ஒசாவாவின் சிறிய படை வங்காள விரிகுடாவில் இருபதுக்கு மேற்பட்ட வணிகக் கப்பல்களை, ஓர் இலட்சம் தொன்னுக்கு மேல், மூழ்கடித்தது. ஐந்து பெரும் விமானந்தாங்கிகளின் தேர்ந்த விமானிகளைச் செலவிடாமல், ஒரு சிறிய விமானந்தாங்கியும் சில குரூசர்களும் செய்த வேலை அது. இந்தியப் பெருங்கடலில் உங்களுக்கு ஓர் அடி அடிக்க ஆசை இருந்தால் அப்படி அடியுங்கள். பெரிய கப்பல்களின் விமானப் படைகளை அதற்குச் செலவிடாதீர்கள்.

இவற்றை நாட்காட்டியில் வைத்தால் இப்படி வரும். 1941 டிசம்பரில் விரிவாக்கம் எதுவும் வேண்டாம். கப்பல்களைப் பிரியுங்கள், ஷினானோவை நிறுத்துங்கள், சப்ளையைத் தெற்கு நோக்கிய படைகளுக்கு விடுங்கள். 1942 பெப்ரவரி, மார்ச்சில் பலெம்பாங், பாலிக்பாப்பான் எண்ணெய் வயல்களையும் ஆலைகளையும் செப்பனிடுவதே முதல் செலவு. ஏப்ரலிலிருந்து சகாயெ, கின்செய், கசெய் எஞ்சின்களையும், வணிகக் கப்பல் தளங்களையும், காவல் கப்பல்களையும் பெருப்பியுங்கள். ஆண்டு முடியும்போது மாதாந்திர மசகு எண்ணெய் வரத்து நிலையாக ஏறுகிறதா என்று பார்த்து, ஏறினால் மட்டும் 1943-இல் புதிய சண்டை விமானத்துக்கு வழி விடுங்கள். 1944 நடுவில் மரியானாத் தீவுகள் ஆடத் தொடங்கினால், இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு வரிசைகளை முதலில் நிறுத்துங்கள். அடுத்து டோர்பிடோ விமானங்களைக் குறையுங்கள். சண்டை விமானங்களின் எஞ்சின் கையிருப்பு மூன்று மாதத்துக்குக் குறையாமல் இருக்கும்வரை அவற்றின் உடல் ஆலையை ஓட்டுங்கள். தென்வழி அறுந்த மாதத்தில், மீதியுள்ள எண்ணெய்க் கப்பல்களைப் பூசான், ஷாங்ஹாய் ஓட்டத்துக்குத் திருப்பாமல் துறையில் நிறுத்தி, அவற்றின் காவல் கப்பல்களை அந்தப் பக்கத்து வழிகளின் சரக்குக் கப்பல்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.